கேம்ஷாஃப்ட் மாத்தின கதை

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. அதான் கடைப்பக்கம் தலைகாட்ட முடியலை. படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு என்னவோ பொட்டி தட்டுறது. அதனால எப்பவாவது ஒரு இஞ்சின் சமாச்சாரம் கையில் சிக்கினா விட மனசு வராது.

இன்னிக்கு மேட்டர் இதுதான். அமெரிக்காவில் பழைய பிக்கப் ட்ரக் வெச்சிருக்கிற ஆளுங்க பலர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்யுற வேலை, இஞ்சினைப் பிரிச்சு கம்பெனி போட்ட கேம்ஷாஃப்ட்டை உருவி எடுத்துட்டு வேற ஒண்ணைச் சொருகுறது. அதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் 'அப்கிரேட்'. நம்ம தொழில்ல இந்த வார்த்தையைக் கேட்டாலே பாதிப் பேருக்கு வயித்தைக் கலக்கும். ஓடிக்கிட்டிருந்தது ஓடாமப் போறதுக்கு அதுதான் முதல் அறிகுறி :-)

அதனாலதான் இந்தக் கதையைத் தோண்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை. முடிவை இப்பவே சொல்லிடறேன்: இத்தனை வருஷம் சுத்தியும் பிக்கப்புக்கான நல்ல கேம், கம்பெனி முதல்ல போட்டுக் கொடுத்த கேமுக்கு நாலு எட்டு தள்ளித்தான் வந்து நின்னுச்சு. ஏன் அப்படின்னுதான் இந்தப் பதிவு.

கண்டக்டரும் விசிலும்

இஞ்சின் பத்தித் தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம். தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

சிலிண்டருக்குள்ள காத்தும் பெட்ரோலும் போக ஒரு வால்வு, புகை வெளியே வர ஒரு வால்வு. எது எப்போ திறக்கணும், எவ்வளவு திறக்கணும், எப்போ மூடணும்கிறதை முடிவு பண்றது கேம்ஷாஃப்ட். நீளமான ஒரு தண்டு, அதுல வரிசையா முட்டை வடிவத்தில் மேடுகள். பழைய அமெரிக்க வி8 இஞ்சின்ல 16 வால்வு, 16 மேடு. க்ராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. மேடு வரும்போது லிஃப்டர் எழும்பும், அது புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராட் ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும்.

நம்ம பாஷையில் சொன்னா இரும்புல எழுதின ப்ரோகிராம். ஒரு வரி மாத்தணும்னாலும் ரேடியேட்டரைக் கழட்டி, இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி, டைமிங் செயினைக் கழட்டி, 16 லிஃப்டரையும் எடுத்து, தண்டை முன்பக்கமா உருவணும். கேமை மாத்தாம கேமோட குணத்தை மாத்த முடியாது.

இப்போ நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைச்சுக்குங்க. கண்டக்டர் விசில்தான் கேம். பீக் அவர்ல ஸ்டாப்புக்கு ஒரு கூட்டம் ஓடி வருது. ரெண்டு செகண்டு தாமதமா விசில் கொடுத்தா ஓடி வர்ற வேகத்திலேயே இன்னும் பத்துப் பேர் ஏறிடுவாங்க. கூட்டமே இல்லாத மத்தியான நேரத்தில் அதே மாதிரி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னா? ஏறினவனும் "எப்ப சார் எடுப்பீங்க"ன்னு இறங்கிப் போயிடுவான்.

இஞ்சின்லயும் இதே கதைதான். வேகமாச் சுத்தும்போது உள்ளே வர்ற காத்துக்கு ஓர் உந்துதல் இருக்கு. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே கிளம்பின பிறகும் காத்து வந்துக்கிட்டே இருக்கும். வால்வைத் தாமதமா மூடினா அது லாபம். மெதுவாச் சுத்தும்போது அந்த உந்துதல் கிடையாது. வால்வைத் தாமதமா மூடினா பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த காத்தையே திருப்பி வெளியே தள்ளிடும். சிலிண்டர்ல அழுத்தம் குறையும், இழுவை குறையும்.

ஆக, கேம்ல 'நல்லது', 'மட்டம்'னு ரெண்டு ஜாதி கிடையாது. எந்த வேகத்துக்கு நல்லதுன்னுதான் கேட்கணும். கதையோட மொத்தச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியை ஜனங்க கேட்க மறந்ததுதான்.

ரகசியக்காரரும் ரகசியத்தை வித்தவரும்

1920கள்ல கலிஃபோர்னியாவில் எட் வின்ஃபீல்டுன்னு ஒருத்தர். கார்புரேட்டர் நிபுணர், கேமும் அரைப்பார். அப்போ கேம் அரைக்கிறதுன்னா பெரும்பாலும் பழைய கேமையே எடுத்துத் திரும்ப அரைக்கிறது. மேட்டோட உச்சியை உயர்த்த முடியாது, உலோகம் ஒட்டவா முடியும்? அதனால மேட்டைச் சுத்தி இருக்கிற அடிவட்டத்தைச் சின்னதாக்குவாங்க. பள்ளத்தை ஆழப்படுத்தினா மேடு தானா உயர்ந்த மாதிரிதானே! வின்ஃபீல்டு யாருக்கும் எதையும் அவ்வளவு லேசில் சொல்ல மாட்டார்னு பேர் வாங்கினவர்.

1932ல் ஃபோர்டு மலிவு விலை வி8 இஞ்சினைக் கொண்டுவந்துச்சு. 65 குதிரைத்திறன். காருக்கும் அதுதான், பிக்கப்புக்கும் அதுதான். கலிஃபோர்னியாவில் காய்ஞ்சு போன ஏரிப் படுகைகள்ல பசங்க பழைய வண்டிகளை உரிச்சு ரேஸ் விட ஆரம்பிச்சிருந்தாங்க. இந்த வி8 வந்ததும் அது திருவிழாவாச்சு.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் எட் இஸ்கெண்டேரியன். 1921ல் பிறந்தவர், ஆர்மீனியக் குடும்பம், எல்லாரும் கூப்பிடுறது 'இஸ்கி'. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு திரும்பி வந்தவருக்கு ஒரு நல்ல கேம் வேணும். அரைச்சுக் கொடுக்கிறவங்க கிட்ட ஏகப்பட்ட கூட்டம், காத்திருக்கணும். பார்த்தார், ஒரு பழைய க்ரைண்டிங் மெஷினை வாங்கி, கேம் அரைக்கிற மாதிரி தானே மாத்திக்கிட்டார். தன்னோட கேமை அரைச்சு முடிச்சதும் அடுத்தவனுக்கும் அரைச்சுக் கொடுத்தார். அப்புறம் அதுவே தொழில்.

இஸ்கி கேட்லாக் போட்டார், விளம்பரம் கொடுத்தார். வின்ஃபீல்டு காலத்தில் பட்டறைக்குள்ள அடைஞ்சு கிடந்த சரக்கு, தபால்ல ஆர்டர் பண்ணினா வீட்டுக்கு வர்ற பொருளாச்சு. கஷ்டப்பட்டு ஒருத்தன் கண்டுபிடிச்சதை எல்லார் கைக்கும் கொண்டுபோறது நல்லதுதான். ஆனா கூடவே ஒரு வம்பும் வந்துச்சு. கேட்லாக்ல பெரிய நம்பருக்குத்தான் மவுசு. வின்ஃபீல்டு கிட்டப் போனவனை "உன் வண்டியில் என்ன பண்ணப் போறே"ன்னு கேட்க எதிர்ல ஓர் ஆள் இருந்தார். கேட்லாக் அந்தக் கேள்வியைக் கேட்காது.

ட்ரக்குக்காக ஆரம்பிச்ச டன்டாவ்

அடுத்த ஆள் ஸோரா ஆர்கஸ்-டன்டாவ். 1909ல் ப்ரஸ்ஸல்ஸ்ல பிறந்த ரஷ்ய யூதர். கார்வெட்டோட பிதாமகர்னு கார் பைத்தியங்களுக்குத் தெரியும். ஆனா அமெரிக்காவில் அவர் அதுக்கு முன்னாடி செஞ்ச ஒரு பெரிய வேலை ட்ரக்குக்காகன்னு நிறையப் பேருக்குத் தெரியாது.

ஃபோர்டோட அந்த வி8ல வால்வுகள் இஞ்சின் ப்ளாக்குக்குள்ளேயே இருக்கும். புகை வெளியே போற வழியும் ப்ளாக் வழியாத்தான். பாரம் ஏத்தின ட்ரக் மேடு ஏறினா இஞ்சின் கொதிச்சுடும். டன்டாவும் அவரோட தம்பி யூராவும் 1947ல் இதுக்கு அலுமினியத்தில் புது ஹெட் செஞ்சாங்க, வால்வு மேலே இருக்கிற மாதிரி. பேர் 'ஆர்டன்'. ஆர்கஸ்ல கொஞ்சம், டன்டாவ்ல கொஞ்சம். ட்ரக்காரங்க பெரிசா வாங்கலை, ரேஸ் பசங்க கொத்திக்கிட்டுப் போயிட்டாங்க!

1953ல் டன்டாவ் ஜெனரல் மோட்டார்ஸ்ல சேர்ந்தார். அந்த வருஷம் டிசம்பர்லயே மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். சாராம்சம் இது: இளவட்டங்க எல்லாம் ஃபோர்டு பைத்தியமா இருக்காங்க. நம்ம புது வி8 வரும்போது கேம்ஷாஃப்ட், வால்வு, ஸ்ப்ரிங் மாதிரி வேகமான உதிரிப் பாகங்களை நாமளே செஞ்சு வித்தா அவங்க நம்ம பக்கம் வருவாங்க. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகலை, கம்பெனியோட வியாபாரத் திசையையே மாத்தச் சொல்லி மெமோ. நாமளா இருந்தா அப்ரைசல்ல கை வெச்சிருப்பாங்க.

1955ல் ஷெவர்லே வி8 வந்துச்சு, 265 கன அங்குலம். அதே வருஷம் அது பிக்கப்பிலும் கிடைச்சுது. 1956 தொடக்கத்தில் டன்டாவ் தானே வடிவமைச்ச கேமைப் போட்டு, டேட்டோனா கடற்கரையில் கார்வெட்டை மணிக்கு 150 மைலுக்கு மேல ஓட்டிக் காட்டினார். அந்தக் கேமுக்கு 'டன்டாவ் கேம்'னே பேர். பார்ட் நம்பரோட கடைசி மூணு இலக்கத்தை வெச்சு '097'னும் சொல்லுவாங்க.

இப்போ கொஞ்சம் நம்பரைப் பாருங்க. 1967க்கு அப்புறம் ஷெவர்லேயோட சாதாரண வி8கள்ல, பிக்கப் உட்பட, பரவலாப் போட்ட கேமை '929'ம்பாங்க. அது வால்வைத் தூக்குற உயரம் இன்டேக்ல 0.390 அங்குலம், எக்ஸாஸ்ட்ல 0.410. டன்டாவ் கேம் தூக்குறதும் 0.40 அங்குலத்துக்குப் பக்கம்தான். அதாவது உயரத்தில் ரேஸ் கேமுக்கும் சாதுக் கேமுக்கும் வித்தியாசமே இல்லைங்கலாம்! வித்தியாசம் முழுக்க நேரத்தில். டன்டாவ் கேம் இன்டேக் வால்வை க்ராங்க் கணக்கில் 20 டிகிரிக்கு மேல கூடுதலாத் திறந்து வெச்சிருக்கும். அதே கதவு, அதே அகலம், தாமதமான விசில். அவ்வளவுதான்.

ரேக்ளா மாட்டை ஏர்ல பூட்டினா

கார்வெட்டுக்கும் பிக்கப்புக்கும் ஒரே குடும்பத்து இஞ்சின். அப்போ கார்வெட் கேம் பிக்கப்புக்கும் பொருந்தும். பொருந்துறது எல்லாம் பொருத்தமாகிடுமா?

குதிரைத்திறன்கிறது டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, ஆர்பிஎம்மால பெருக்கி 5252ஆல வகுத்தா வர்றது (டார்க் பவுண்டு-அடியில்). முறுக்கு விசை கூடாமலே, அதை இன்னும் மேல் வேகத்துக்கு நகர்த்தினாலே குதிரைத்திறன் கூடிடும். விளம்பரத்தில் போட அந்த நம்பர் பிரமாதம். ஆனா பிக்கப் வாழறது எங்கே? வைக்கோல் கட்டை ஏத்திக்கிட்டு, பின்னால ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு, 1500ல இருந்து 3000 ஆர்பிஎம்முக்குள்ள. 6000 ஆர்பிஎம்ல கிடைக்கிற சக்தி அதுக்கு எதுக்கு?

பெரிய கேம் போட்டவங்களுக்கு வந்த தொல்லைகளைப் பட்டியல் போடலாம். ரெண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் கூடுறதால ஐட்லிங்ல இஞ்சின் குலுங்கும். இன்டேக்ல வெற்றிடம் குறையும், அதை நம்பி இருக்கிற பவர் பிரேக் கல்லாகிடும். ஆட்டோமேட்டிக் கியர்னா டார்க் கன்வர்ட்டரை மாத்தணும். பின் ஆக்ஸில் கியர் விகிதத்தை மாத்தணும். ஸ்ப்ரிங்கை மாத்தணும். ஒரு லைப்ரரியை அப்கிரேட் பண்ணப் போய் 40 டிபென்டன்சி உடைஞ்ச கதை, நம்மில் யாருக்கும் அந்நியமில்லை.

நாற்சந்தியில் நிக்கும்போது 'தடக் தடக்'னு சத்தம் கேட்கும். அதுக்காகவே போட்டவங்களும் உண்டு. ரேக்ளா மாட்டைக் கொண்டுவந்து ஏர்ல பூட்டின மாதிரி. மாட்டையும் குத்தம் சொல்ல முடியாது, ஏரையும் குத்தம் சொல்ல முடியாது.

சட்டம் போட்ட கோடு

1970ல் அமெரிக்காவில் சுத்தக் காத்துச் சட்டம். 1973ல் எண்ணெய் நெருக்கடி. 1975ல் புதுக் கார்கள்ல கேட்டலிடிக் கன்வர்ட்டரும் ஈயமில்லா பெட்ரோலும். இஞ்சின்களை எல்லாப் பக்கமும் அடக்கினாங்க. ஃபோர்டு 460 மாதிரி சில இஞ்சின்கள்ல கேமைத் தொடாமலே, டைமிங் கியரை மட்டும் மாத்தி, கேமைச் சில டிகிரி பின்தங்கச் சுத்த வெச்சாங்க. புகை குறைஞ்சுது, கீழ்வேக இழுவையும் குறைஞ்சுது. பழைய மாடல் கியரை வாங்கிப் போட்டாலே போன உயிர்ல கொஞ்சம் திரும்ப வந்துடும்னு பட்டறைக்காரங்க சீக்கிரமே கண்டுபிடிச்சாங்க.

சட்டத்தில் ஒரு கோடு இருந்துச்சு. பாரத்தோடு சேர்த்து 6000 பவுண்டுக்கு மேல மதிப்பிடப்பட்ட ட்ரக்குகளுக்குக் கன்வர்ட்டர் தேவையில்லை. 1975ல் ஃபோர்டு எஃப்-150ஐக் கொண்டுவந்ததே அந்தக் கோட்டை ஒரு எட்டு தாண்டத்தான். 1978ல் டாட்ஜ் இன்னும் ஒரு படி போச்சு. 'லிட்டில் ரெட் எக்ஸ்பிரஸ்'னு சிவப்பு பிக்கப். கேபினுக்குப் பின்னால லாரி மாதிரி ரெண்டு க்ரோம் புகைக்குழாய். உள்ளே 360 கன அங்குல வி8, அதுல வழக்கத்தைவிட வேகமான கேம், 225 குதிரைத்திறன். கார் அண்ட் டிரைவர் பத்திரிகை இதோட முன்மாதிரி வண்டியைச் சோதிச்சப்போ, பூஜ்யத்தில் இருந்து 100 மைல் வேகம் தொடுறதில் அமெரிக்கக் கார்களை எல்லாம் முந்திடுச்சு. ஒரு பிக்கப்! கம்பெனியே கேம் அப்கிரேட் பண்ணி வித்த பிக்கப். முதல் வருஷம் 2188 வண்டிதான் செஞ்சாங்க. அடுத்த வருஷமே அதுக்கும் கன்வர்ட்டர் வந்துடுச்சு.

அது ஓர் அதிசயம். நிஜமாப் பிக்கப்காரங்களுக்குப் பயன்பட்டது அந்தக் காலகட்டத்தில் பரவின வேற ஒரு சரக்கு, பேர் 'ஆர்வி கேம்'. வீட்டையே சக்கரத்து மேல வெச்சு இழுக்கிற வண்டிகளுக்காக வந்த பேர். பல கம்பெனிகள் ஷெவர்லே வி8க்கு வித்த பிரபலமான ஆர்வி கேமோட அளவு, வால்வு 0.050 அங்குலம் திறப்புக் கணக்கில், 204/214 டிகிரி. 929 கேமோட அளவு 195/202. பார்த்தீங்களா? வித்தியாசம் 9 டிகிரி, 12 டிகிரி. அவ்வளவு ஆட்டம் ஆடி, கடைசியில் வந்து சேர்ந்த இடம்!

கம்பெனி இஞ்சினியர் முட்டாள் இல்லைங்கிறதுதான் அந்த 9 டிகிரிக்கு அர்த்தம். அவர் சோம்பேறித்தனமாச் சின்னக் கேம் போடலை. மூட்டை தூக்குறவனுக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் போட்டார். கூடவே கொஞ்சம் கஞ்சத்தனமும், கொஞ்சம் பயமும் சேர்த்துக்கிட்டார். அந்தக் கஞ்சத்தனத்தை மட்டும் திருத்தினதுதான் நல்ல அப்கிரேட்.

எண்ணெய் மாறின கதை

1987ல் ஜிஎம் பிக்கப்புகளுக்குக் கம்ப்யூட்டரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனும் வந்துச்சு. அந்தக் கம்ப்யூட்டர் இன்டேக் அழுத்தத்தைப் பார்த்துத்தான் இஞ்சின் மேல எவ்வளவு பாரம்னு கணக்குப் போடும். பெரிய கேம் போட்டா வெற்றிடம் குறையும்னு சொன்னேன் இல்லையா? வண்டி சும்மா நின்னாலும் "ஆஹா, மலை ஏறுது போல"ன்னு நினைச்சு அதுபாட்டுக்குப் பெட்ரோலை ஊத்தும். சிப்பை எடுத்துத் திரும்ப எழுதினாத்தான் சரியாகும். இரும்புல இருந்த ப்ரோகிராம் பாதி சிலிக்கானுக்குக் குடிபோன இடம் இது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாம நடந்துச்சு. பழைய கேம்கள்ல லிஃப்டர் தட்டையா மேட்டு மேல உரசிக்கிட்டே போகும். உண்மையில் முழுத் தட்டை இல்லை. மேடு லேசாச் சரிவு, லிஃப்டர் அடி லேசாக் குவிவு. அதனால லிஃப்டர் சுழன்றுக்கிட்டே தேயும், ஒரே இடத்தில் தேயாது. அந்த இடத்தில் இருக்கிற அழுத்தத்தைத் தாங்க எண்ணெயில் ஒரு சேர்மானம் இருக்கும். ஜிங்க், பாஸ்பரஸ் கலந்தது, சுருக்கப் பேர் இசட்டிடிபி.

பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால எண்ணெய்த் தரங்கள்ல அதைப் படிப்படியாக் குறைச்சாங்க. 2004 கடைசியில் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில், வழக்கமான கார் எண்ணெய்க்கு உச்சவரம்பு 0.08 சதவீதம். புது வண்டிகளுக்குப் பிரச்னை இல்லை. ஜிஎம் கார் வி8கள்ல 1987லயே உருளை லிஃப்டர் வந்தாச்சு, பிக்கப் 350க்கு 1996ல் வந்துச்சு. மாட்டிக்கிட்டது பழசு வெச்சிருந்தவங்க.

ஆன்சைட்ல இருந்தப்போ பக்கத்து வீட்டுப் பெரியவர் கிட்ட ஒரு பழைய வி8 பிக்கப் இருந்துச்சு. ஷெட்ல ஆணியில் ஒரு கேம்ஷாஃப்ட் தொங்கும். "இது ஏன் இங்கே?"ன்னு ஒருநாள் கேட்டேன். எடுத்துக் காட்டினார். 15 மேடு பளபளன்னு, ஒண்ணு மட்டும் கிட்டத்தட்ட உருண்டையாத் தேய்ஞ்சு போயிருந்துச்சு. 2007 வாக்கில் புதுக் கேம் போட்டாராம், சில நூறு மைல்ல இப்படி. "நான் இஞ்சின்ல எதையும் தப்பாப் பண்ணலை. அலமாரியில் இருந்த டப்பாவுக்குள்ள மாறிப் போச்சு, டப்பா அப்படியேதான் இருந்துச்சு"ன்னார்.

அதைக் கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வரலை. நாங்க ஆபீஸ்ல பார்க்கிற பழைய மாட்யூல் ஒண்ணு இருக்கு, எழுதினவர் கம்பெனியை விட்டுப் போய்ப் பல வருஷம். அதில் யாரும் கை வைக்கலை, ஆனா சுத்தி இருக்கிறது எல்லாம் மாறிக்கிட்டே இருக்கு. என்னிக்காவது உடைஞ்சா "கோடு சரியில்லை"ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க.

பெரியவர் அடுத்த தடவை என்ன கேம் போட்டார்னு கேட்டேன். 204/214. ஜிங்க் கூடுதலா இருக்கிற எண்ணெயைத் தேடி வாங்கி, மேடுகள்ல பசை தடவி, ஸ்டார்ட் ஆன நிமிஷத்திலேயே 2000 ஆர்பிஎம்முக்கு மேல கொண்டுபோய், ஐட்லிங் விடாம 20 நிமிஷத்துக்கு மேல ஓட்டிப் பழக்கினாராம். மேடுகளுக்கு எண்ணெய் தெறிச்சுத்தான் போய்ச் சேரும், மெதுவா ஓட்டினா போதாது. நான் அங்கே இருந்த வரைக்கும் அந்த வண்டி விறகு ஏத்திக்கிட்டிருந்துச்சு. ஐட்லிங்ல சத்தம் ஒண்ணும் விசேஷமா இல்லை. மேட்டுல மட்டும் கியரைக் குறைக்காம ஏறும்.

நல்ல அப்கிரேட் அப்படித்தான் இருக்கும் போல. பக்கத்தில் நிக்கிறவனுக்குத் தெரியாது, பாரம் ஏத்தினவனுக்குத் தெரியும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது ஸ்பேனரைத் தூக்கினா, முதல்ல ஊர்ச் சட்டத்தைப் பாருங்க. கலிஃபோர்னியாவில் 1976லயும் அதுக்கு அப்புறமும் வந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் பொதுவாப் புகைச் சோதனை உண்டு, 1975ம் அதுக்கு முந்தினதும் தப்பிக்கும். உங்க வீட்டுப் பழைய வண்டி எதுலயாவது இப்படி ஒரு பாகத்தை மாத்தி, அதனால இன்னும் நாலு மாத்த வேண்டி வந்த கதை இருந்தா நீங்களும் ஒரு பதிவு போடுங்க. படிக்க நான் ரெடி :-)